கம்யூனிட்டி காலேஜில் இலவச ட்யூட்டரிங்: வாரத்தில் மிஞ்சும் ஆறு மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது?

"கண்ணு, காலேஜ்ல இலவசமா சொல்லிக்கொடுக்கற இடமே அஞ்சாறு இருக்குதாம். எனக்கு வாரத்துக்கு ஆறு மணி நேரந்தான் மிஞ்சுது. எதுக்குப் போறதுன்னு நீயே சொல்லு" என்று போன ஆகஸ்டில் ஒரு அக்கா கேட்டார். கோயம்புத்தூர்க்காரர். நாற்பத்தொரு வயது, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். கிரீன் கார்டு வந்த கையோடு, கணக்குப்பதிவியல் படிக்க வேண்டும் என்ற பழைய ஆசையைத் தூசி தட்டி எடுத்து, இங்கே கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடப் படிப்புக்கான அரசுக் கல்லூரியில், சேர்ந்திருந்தார். முதல் செமஸ்டருக்குப் புள்ளியியலும் ஆங்கிலக் கட்டுரை வகுப்பும், இரண்டும் சேர்த்து எட்டு யூனிட் (ஒரு பாடம் எவ்வளவு பெரியது என்பதற்கு இங்கே உள்ள அளவு). மாலையில் ஒரு கடையில் வேலை.

நான் உடனே பதில் சொல்லவில்லை, ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் நான் ஒரு செமஸ்டரையே தொலைத்திருக்கிறேன். சேர்ந்த புதிதில் கவுன்ட்டரில் போய், "இங்கே ஃப்ரீ ட்யூஷன் உண்டா?" என்று கேட்டேன். அங்கிருந்த பெண்மணி அன்பாகத்தான் பேசினார். நிதியுதவி அலுவலகத்துக்கு வழி சொல்லி, ஒரு படிவத்தையும் கையில் கொடுத்து அனுப்பினார். அமெரிக்காவில் ட்யூஷன் என்றால் கல்லூரிக் கட்டணம். நம் ஊரில் தெருவுக்கு இரண்டு இருக்கிறதே, அந்த ட்யூஷனுக்கு இங்கே ட்யூட்டரிங் என்று பெயர். அது எனக்குத் தெரியவரப் பதினோரு வாரம் ஆயிற்று. அதற்குள் புள்ளியியலில் இரண்டு தேர்வு கைவிட்டுப் போயிருந்தது. வகுப்பிலிருந்து விலகி, மதிப்பெண் பட்டியலில் ஒரு 'டபிள்யூ' வாங்கினேன். இலவசமாகச் சொல்லித்தரும் கணித மையம் நான் தினமும் காபி வாங்கிய இடத்துக்கு நேர் மேல்மாடியில் இருந்தது. அடுத்த வருடம் அதே மையத்தில் நானே ட்யூட்டராகச் சேர்ந்து இரண்டு வருடம் வேலை பார்த்தேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவள் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம். நுழைவுத் தேர்வு கிடையாது, யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். சிரமமெல்லாம் உள்ளே போன பிறகுதான். முன்பு ஒரு தேர்வு வைத்து, கணக்கிலோ ஆங்கிலத்திலோ பலவீனம் என்று பட்டால் அடிப்படை வகுப்புகளில் போட்டுவிடுவார்கள். பட்டத்துக்குக் கணக்கில் சேராத வகுப்புகள் அவை. சிலர் மூன்று செமஸ்டர் அதிலேயே இருந்துவிட்டு, கடைசியில் படிப்பையே விட்டுவிட்டுப் போனார்கள். 2017-இல் வந்த ஏபி 705 சட்டமும் 2022-இல் வந்த ஏபி 1705 சட்டமும் இதைத் தலைகீழாக்கின. இப்போது பெரும்பாலோர் நேராகப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும் வகுப்பிலேயே உட்காரலாம். நல்ல சட்டம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் பின்னக் கணக்குப் போட்டு இருபது வருடம் ஆனவரும் முதல் நாளே புள்ளியியல் வகுப்பில்தான் இருக்கிறார். அவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது ட்யூட்டரிங். முன்பு அது விருப்பமிருந்தால் போகிற இடம். இன்றைக்கு அது பாடத்தின் பாதி என்றே நான் சொல்வேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த நேரடி மையம். முன்பதிவு வேண்டாம், நினைத்தபோது போகலாம். நுழையும்போது மாணவர் அட்டையைத் தேய்க்க வேண்டும், வெளியே வரும்போதும் தேய்க்க வேண்டும். பல கல்லூரிகளில் முதல் தடவை, ட்யூட்டரிங் என்ற பெயரில் ஒரு பூஜ்ய யூனிட் வகுப்பில் பதிவு செய்யச் சொல்வார்கள். அதற்குக் கட்டணமும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. அங்கே பதிவாகும் மணிக்கணக்கை வைத்துத்தான் கல்லூரி மாநிலத்திடம் பணம் பெறுகிறது. அதனால் கிளம்பும் அவசரத்தில் அட்டையைத் தேய்க்க மறக்காதீர்கள். அடுத்த வருடம் அங்கே எத்தனை ட்யூட்டர்கள் இருப்பார்கள் என்பதும் அதில்தான் இருக்கிறது.

அங்கே எப்படிச் சொல்லித் தருவார்கள் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். இரண்டாம் முறை புள்ளியியல் எடுத்தபோது ஒரு கணக்கு. ஒரு தோட்டத்து ஆப்பிளின் சராசரி எடை 150 கிராம், திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து எடை ஆடும் அளவு, 12 கிராம். எடுத்த 36 ஆப்பிள்களின் சராசரி 153 கிராமைத் தாண்ட வாய்ப்பு எவ்வளவு? நான் மூன்றைப் பன்னிரண்டால் வகுத்து, அட்டவணையைப் பார்த்து, நாற்பது சதவீதம் என்று எழுதியிருந்தேன். புத்தகத்தின் பின்பக்கத்தில் ஏழு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டிருந்தது. கையைத் தூக்கினேன். வந்த பையனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். என் நோட்டைப் பார்த்தான், பென்சிலைத் தொடவே இல்லை. "உங்கள் கையில் இருப்பது ஒரு ஆப்பிளா, முப்பத்தாறு ஆப்பிளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டான். எனக்குக் கோபம்தான் வந்தது. ஐந்து நிமிடம் கழித்துப் புரிந்தது. ஒரு ஆப்பிள் அப்படி இப்படி இருக்கலாம். முப்பத்தாறின் சராசரி அவ்வளவு ஆடாது. பன்னிரண்டை முப்பத்தாறின் வர்க்கமூலத்தால், அதாவது ஆறால் வகுக்க வேண்டும். இரண்டு கிராம். மூன்றை இரண்டால் வகுத்தால் ஒன்றரை. அட்டவணையில் விடை சரியாக வந்தது. அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. ட்யூட்டரான பிறகு எத்தனையோ பேரிடம் நானும் அதையே கேட்டிருக்கிறேன்.

நம் ஊர் ட்யூஷன் பழக்கத்தில் போகிறவர்களுக்கு இதுதான் முதலில் ஏமாற்றமாக இருக்கும். நோட்ஸ் தரமாட்டார்கள். வீட்டுப்பாடத்தைப் போட்டுத் தரமாட்டார்கள். விடை சரியா என்று கேட்டால்கூட, "எப்படிச் சரிபார்க்கலாம்?" என்று திருப்பிக் கேட்பார்கள். அப்படித்தான் அவர்களுக்குப் பயிற்சி. சிஆர்எல்ஏ என்ற தொழில் அமைப்பின் முதல் நிலைச் சான்றிதழுக்குப் பத்து மணி நேரப் பயிற்சியும் இருபத்தைந்து மணி நேரம் சொல்லிக்கொடுத்த அனுபவமும் வேண்டும். அந்தப் பாடத்தை நன்றாகப் படித்து முடித்த மாணவர்கள்தான் பெரும்பாலும் அங்கே இருப்பார்கள். பேராசிரியருக்கு நிகரான அறிவை அவர்களிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் எங்கே சறுக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், போன வருடம்தான் அவர்களும் அங்கே சறுக்கியிருப்பார்கள்.

மையத்தின் குறை கூட்டம். தேர்வுக்கு முந்தைய வாரம் போனால் தூக்கிய கை வலிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றாவது வாரம் போனால் ஒரு ட்யூட்டர் கிட்டத்தட்ட உங்களுக்கே சொந்தம். பெரிய குறை இன்னொன்று. யாருக்கு உதவி மிகவும் தேவையோ அவர்தான் வரமாட்டார். எதைக் கேட்பது என்றே தெரியாதவருக்கு அந்தக் கதவைத் தள்ளித் திறக்கக் கூச்சமாக இருக்கும். ட்யூட்டராக இருந்த இரண்டு வருடமும் நான் பார்த்தது இதைத்தான். ஏ வாங்குகிறவர்கள் ஏ பிளஸுக்காக வந்தார்கள். தவறிக்கொண்டிருந்தவர்கள் பத்தாவது வாரம் வந்தார்கள்.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் வகுப்புக்குள்ளேயே ட்யூட்டரை உட்காரவைக்கும் ஏற்பாடு வந்தது. இதன் மூத்த வடிவம் சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்ஷன். 1973-இல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கியது. அவருடைய யோசனை எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. பலவீனமான மாணவரைத் தேடாதே, கடினமான பாடத்தைத் தேடு என்றார். முப்பது சதவீதத்துக்கு மேல் டி, எஃப் என்ற மோசமான மதிப்பெண்ணோ, விலகியதற்கான டபிள்யூவோ விழுகிற வகுப்பு எதுவோ, அதற்கு ஒரு மாணவ வழிகாட்டியைக் கொடுப்பது. அவர் வகுப்பில் உங்களோடு உட்கார்ந்து குறிப்பெடுப்பார். பிறகு வாரத்தில் இரண்டு மூன்று தடவை தனியாக ஒரு குழு அமர்வு நடத்துவார். வகுப்பிலிருக்கும் எல்லோருக்கும் பொது என்பதால் "நான் மக்கு, அதனால் வந்திருக்கிறேன்" என்ற கூச்சத்துக்கு இடமே இல்லை. ஆசிரியர் எந்தக் குறியீட்டைப் பயன்படுத்தினார், எதைத் தேர்வில் கேட்பேன் என்று கோடிகாட்டினார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மையத்து ட்யூட்டருக்கு அது தெரிய வழியில்லை.

ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னால் என் முதல் ஓட்டு இதற்குத்தான். ஒரே பாடம், ஒரே நேரம், இரண்டு பிரிவுகள் இருந்து, அதில் ஒன்றில் இந்த வழிகாட்டி இருந்தால், இணையத்தில் எந்தப் பேராசிரியருக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அந்தப் பிரிவில் சேருங்கள். எல்லாப் பிரிவுக்கும் இது கிடையாது, மாலை வகுப்புகளில் இன்னும் அரிது. பதிவு செய்யும்போதே துறை அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். செமஸ்டர் தொடங்கி வகுப்பு மாற்றும் கெடு முடிந்துவிட்டால் தெரிந்தும் பயனில்லை.

ஆங்கிலக் கட்டுரைக்கு இது எதுவும் ஈடாகாது, எழுத்து மையம்தான். அங்கே அரை மணி அல்லது ஒரு மணி நேரம் முன்பதிவு செய்து, தனியாக ஒருவரோடு உட்காரலாம். இலக்கணப் பிழையைச் சிவப்பு மையில் திருத்தித் தருவார்கள் என்று நினைத்துத்தான் நானும் போனேன். அந்த அம்மா, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், என் கட்டுரையை என்னிடமே நீட்டி, "சத்தமாக வாசியுங்கள்" என்றார். வாசித்தேன். இரண்டாவது பத்தியில் ஒரு வாக்கியம், மூச்சு முட்டியது. நானே நிறுத்திவிட்டேன். "அங்கே என்ன சொல்ல வந்தீர்கள்?" என்றார். வாயால் சொன்னேன். "இப்போது சொன்னதை அப்படியே எழுதுங்கள்" என்றார். ஒரு மணி நேரத்தில் மூன்று பத்திதான் முடிந்தது. ஆனால் என் கட்டுரையில் மூன்றாம் பக்கத்தில் ஒளிந்திருந்த கருத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தது அந்த ஒரு மணி நேரம். நமக்கு ஆங்கிலம் தெரியும், பள்ளியிலிருந்து எழுதியிருக்கிறோம் என்கிற எண்ணத்தில் நம்மவர்கள் பலர் இந்த மையத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாம் கற்றது விடைத்தாள் ஆங்கிலம். இங்கே கேட்பது, முதல் பத்தியிலேயே ஒரு நிலைப்பாடு எடுத்து, கடைசிவரை அதற்கு வாதாடுகிற கட்டுரை. இரண்டும் வேறு வேறு வேலை.

இணையவழி ட்யூட்டரிங்கைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. நெட்ட்யூட்டர், பிரெயின்ஃப்யூஸ், ட்யூட்டர்.காம் போன்ற நிறுவனங்களில் ஒன்றோடு கல்லூரி ஒப்பந்தம் போட்டிருக்கும். பெரும்பாலும் வகுப்புகள் நடக்கும் கேன்வாஸ் என்ற இணையதளப் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும், உங்கள் கையிலிருந்து காசு போகாது. கடையை மூடிவிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, இரவு பதினோரு மணிக்கு ஒரு கணக்கின் நான்காவது வரியில் நின்றுவிட்டால், அந்த நேரத்துக்கு வேறு யாரும் இல்லை. கணக்கைத் தட்டச்சு செய்ய முயலாதீர்கள், நோட்டைப் படம் பிடித்து ஏற்றுங்கள். ஆனால் எதிர்முனையில் இருப்பவர் உங்கள் வகுப்பையும் ஆசிரியரையும் அறியாதவர். ஒரு வரியில் சிக்கியவருக்கு அது கை கொடுக்கும். பாடமே புரியாதவருக்கு அங்கே போவது நேர விரயம்.

பேராசிரியரின் ஆபீஸ் அவர்ஸை நம்மவர்கள் கடைசிப் புகலிடமாக வைத்திருக்கிறார்கள். தவறு செய்துவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்குப் போகிற பயம் இன்னும் போகவில்லை. தேர்வு வைப்பவரே வாரத்துக்குச் சில மணி நேரம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பெரும்பாலும் தனியாக. ஒரு தேர்வு முடிந்ததும் விடைத்தாளோடு போய், "இந்த இடத்தில் ஏன் மதிப்பெண் போயிற்று?" என்று கேட்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியர்களில் பெரும்பாலோர் பகுதிநேரம். காலையில் ஒரு கல்லூரி, மதியம் இன்னொரு கல்லூரி என்று ஓடுகிறவர்கள். அவர்களுக்குச் சொந்த அறைகூட இருக்காது. மின்னஞ்சலில் நேரம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உதவிக்கு வருகிறேன். நம் வீடுகளில் இதன் பெயரே தெரியாது. கலிஃபோர்னியாவில் வருமானம் குறைந்த, படிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்காக ஈஓபிஎஸ் என்ற திட்டம் 1969 முதல் இருக்கிறது. ட்யூட்டரிங் அதில் ஒரு பகுதிதான். செமஸ்டருக்கு மூன்று தடவை கவுன்சிலரைச் சந்தித்தே ஆக வேண்டும். புத்தகத்துக்கு உதவி உண்டு. எல்லாவற்றையும்விட, மற்றவர்களுக்கு முன்பே வகுப்புகளைப் பதிவு செய்யும் சலுகை உண்டு. வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே படிக்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய சலுகை என்பது வேண்டிய வகுப்பு நிரம்பிவிட்டது என்று ஒரு தடவையாவது திரும்பி வந்தவருக்குத்தான் தெரியும். அமெரிக்க மத்திய அரசின் ட்ரையோ திட்டமும் இதே குடும்பம்தான். வருமானம் குறைந்தவர்கள், பெற்றோர் பட்டம் பெறாதவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கானது. எச்-4 விசாவில், அதாவது எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் குடும்பத்தாராக, இருப்பவர்களுக்கு ட்ரையோ கிடையாது. ஆனால் கணித மையமும் எழுத்து மையமும் யாருடைய விசாவையும் கேட்பதில்லை.

இப்படி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய ஏசாப் திட்டத்தில் முழுநேரம் படிக்க வேண்டும். கட்டணத்தில் நிதியுதவி போக மிஞ்சுவதைக் கல்லூரியே கட்டும். புத்தக உதவி, அடிக்கடி பார்த்துப் பேசும் ஒரே ஆலோசகர், ட்யூட்டரிங், அதோடு நகர ரயிலுக்கும் பேருந்துக்கும் இலவசப் பயண அட்டை, அப்போது அது மெட்ரோகார்டு. எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் குலுக்கல் முறையில் மாணவர்களை இரண்டாகப் பிரித்து மூன்று வருடம் பின்தொடர்ந்தது. திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் பட்டம் பெற்றார்கள், இல்லாதவர்களில் 22 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நான் இதைப் படித்தபோது மெட்ரோகார்டில்தான் நின்றேன். ஆப்பிள் கணக்கு புரியாததால் மட்டும் ஒருவர் படிப்பை விடுவதில்லை. பேருந்துக்குக் காசு இல்லாத அன்று வகுப்புக்குப் போகவில்லை, போகாததால் அடுத்த பாடம் புரியவில்லை. இப்படித்தான் விட்டுப்போகிறது.

ஆனால் ஏசாப் முழுநேரம் கேட்கிறது, ஈஓபிஎஸ்ஸும் சேரும்போது பொதுவாக 12 யூனிட் கேட்கிறது. இங்கேதான் அக்காவின் கேள்வி சிக்கலாயிற்று. "இன்னொரு வகுப்பு சேத்திக்கிட்டா பன்னெண்டு வந்துருமில்ல?" என்றார். வரும்தான். நான் வேண்டாம் என்றேன். இருபது வருடம் கழித்துப் புத்தகத்தைத் திறக்கிறவர், மாலை வேலையோடு, முதல் செமஸ்டரிலேயே 12 யூனிட் எடுத்து அதில் ஒன்றில் தவறினால், உதவிக்காகச் சேர்ந்த திட்டத்திலேயே எச்சரிக்கைக் கடிதம் வரும். இந்த செமஸ்டர் இரண்டு வகுப்பையும் நன்றாக முடியுங்கள், அடுத்த செமஸ்டருக்கு விண்ணப்பிக்கும் கெடுவை இன்றே நாட்காட்டியில் குறியுங்கள் என்றேன். என் மனதில் முழு நிச்சயம் இல்லாமல்தான் சொன்னேன். வேலையை விட முடிந்தவருக்கு, பிள்ளைகள் வளர்ந்துவிட்டவருக்கு, இதற்கு நேர் எதிரான பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

கற்றல் குறைபாடோ, மன அழுத்தமோ, காது கேட்பதில் சிரமமோ இருப்பவர்கள் முதலில் டிஎஸ்பிஎஸ் என்ற மாற்றுத்திறனாளி மாணவர் உதவி அலுவலகத்துக்குப் போக வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகள் சட்டப்படி கிடைக்க வேண்டியவை. நம் குடும்பங்களில் "ஊருக்குத் தெரிந்துவிடும்" என்று இதை மறைப்பதைப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது. என்ன பிரச்சினை என்பதை ஆசிரியருக்குக்கூடச் சொல்லமாட்டார்கள், என்ன ஏற்பாடு வேண்டும் என்பது மட்டும்தான் போகும்.

கான் அகாடமியும் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் பாடநூல்களும் முழுக்க இலவசம். இரண்டும் தரமானவை. ஓப்பன்ஸ்டாக்ஸின் புள்ளியியல் புத்தகத்தையே பல வகுப்புகளில் பாடநூலாக வைக்கிறார்கள். மறந்துபோன பின்னத்தையும் விகிதத்தையும் வீட்டிலேயே புதுப்பித்துக்கொள்ள இவை போதும். ஆனால் நீங்கள் எங்கே தவறாக நினைக்கிறீர்கள் என்று வீடியோ உங்களைப் பார்த்துக் கேட்காது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கேட்கக்கூடும். அவற்றை எந்த அளவு பயன்படுத்தலாம் என்று ஆசிரியர்கள் பெரும்பாலும் பாடத்திட்டத் தாளில் எழுதியிருப்பார்கள். முதல் வாரமே அதைப் படித்துவிடுங்கள்.

அக்காவின் ஆறு மணி நேரத்தைக் கடைசியில் இப்படிப் பங்கு போட்டோம். வகுப்பு மாற்ற இன்னும் நான்கு நாள் இருந்தது. துறை அலுவலகத்தில் கேட்டு, வழிகாட்டி இருக்கிற காலைப் புள்ளியியல் பிரிவுக்கு மாறிக்கொண்டார். அந்தக் குழு அமர்வுக்கு இரண்டு மணி நேரம். வீட்டுப்பாடத்தை வீட்டில் போடாமல் கணித மையத்திலேயே போட இரண்டு மணி நேரம். சந்தேகம் வந்த பிறகு கிளம்பிப் போவதைவிட, அங்கே உட்கார்ந்து போடும்போது சந்தேகம் வருவது நல்லது. எழுத்து மையத்துக்கு வாரம் ஒரு மணி, கட்டுரை பாதியில் இருந்தாலும் போவது என்று பேச்சு. மிச்சம் ஒரு மணியை எதற்கும் கொடுக்காமல் வைத்தோம். ஒரு வாரம் ஆபீஸ் அவர்ஸ், ஒரு வாரம் இரவு நேர இணைய ட்யூட்டர் என்று அது தானாகப் போகும். தனியார் ட்யூட்டரைப் பற்றியும் கேட்டார். ஒருமுறை என்னிடம் மணிக்கு எழுபது டாலர் கேட்டார்கள். ஒரு யூனிட்டின் கட்டணத்தைவிட அதிகம். இத்தனையும் இலவசமாக இருக்கும்போது அதற்குப் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது வாரம் அக்கா போன் செய்தார். எழுத்து மையத்தில் காலை நேரமெல்லாம் நிரம்பிவிட்டதாம், வியாழன் மதியம் மூன்று மணிதான் கிடைத்ததாம். "அந்நேரம் பசங்க ஸ்கூல் விட்டுருவாங்களே கண்ணு, நீ கூட்டிட்டு வந்துருவியா?" என்றார்.

கூட்டி வருகிறேன் என்றேன்.